அணு மின் உந்துதலும் ஆளில்லா விண்கலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், நண்பர் வீட்டு மொட்டைமாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருபது பேர்போலக் கூடித் தமிழில் அறிவியல் பேசுகிறோம். அணு உலையிலிருந்து மின்சாரம் எடுத்து விண்கலத்தை ஓட்டுவதைப் பற்றித் தொடர்ந்து மூன்று கூட்டங்களில் பேச நேர்ந்தது. அப்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த அளவில் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். செயற்கைக்கோள்களின் வெப்பக் கட்டுப்பாட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான்; ஆகவே வெப்பத்தைப் பற்றிய பதில் மற்றவற்றைவிட நீண்டுவிட்டது. அது வேண்டுமென்றே செய்ததுதான்.

அணு மின் உந்துதல் என்றால் என்ன? அணு ராக்கெட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. அணு வெப்ப ராக்கெட்டில், உலையின் சூட்டுக்குள் ஹைட்ரஜனை நேராகச் செலுத்தி, அது விரிந்து பின்புறம் பீறிடும் வேகத்தில் கலம் முன்னே போகும். அமெரிக்காவின் நெர்வா திட்டம் 1960களில் தரையில் வைத்துச் சோதித்தது இந்த வகையைத்தான். அணு மின் உந்துதலில் உலைக்கும் உந்துபொருளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. உலை வெப்பத்தைத் தருகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதி மின்சாரமாகிறது. அந்த மின்சாரம் செனான் போன்ற ஒரு வாயுவின் அணுக்களை அயனிகளாக்கி, மின்புலத்தால் விரட்டி வெளியே தள்ளுகிறது. உண்மையில் இது ஒரு சிறிய அனல் மின்நிலையமும் ஓர் அயனி எஞ்சினும் ஒரே கலத்தில் குடியிருப்பதுதான்.

வாயேஜரில் இருப்பதும் அணு சக்திதானே?

அணு சக்திதான், ஆனால் உலை அல்ல. 1977இல் புறப்பட்ட இரண்டு வாயேஜர்களிலும் புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து வெளியிடும் வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவிகள் உள்ளன. அவற்றை நிறுத்தவும் முடியாது, கூட்டவும் முடியாது. புறப்படும்போது ஒவ்வொரு கலத்துக்கும் கிடைத்தது சுமார் 470 வாட். நம் வீட்டு மிக்ஸி ஒன்றை ஓட்டவே திணறும் அளவு. அணு உலையில் யுரேனியத்தைப் பிளக்கும் தொடர்வினையை நாமே தொடங்குகிறோம், நாமே கட்டுப்படுத்துகிறோம். கிலோவாட்டுகளில் தொடங்கி நூற்றுக்கணக்கான கிலோவாட்டுகள்வரை எட்டிப்பார்க்க அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

சூரியத் தகடுகளே போதாதா?

செவ்வாய்வரையிலும், சிறுகோள் பட்டை வரையிலும்கூட, போதும் என்பதே என் கருத்து. 2007இல் புறப்பட்ட டான் விண்கலம் சூரியத் தகடுகளையும் அயனி எஞ்சினையும் மட்டுமே நம்பி அந்தப் பட்டையிலுள்ள வெஸ்டாவை முதலிலும், சீரிஸை 2015இலும் சுற்றிவந்தது. 2023 அக்டோபரில் புறப்பட்ட சைக்கி கலமும் சூரிய மின்சாரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் அணு உலையைக் கொண்டுபோக வேண்டும் என்று வாதிடுவோரிடம் நான் உடன்படுவதில்லை.

அதற்கு அப்பால் கணக்கு மாறிவிடுகிறது. பூமியின் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் விழும் சூரிய ஒளி, வியாழனில் 50 வாட்டாகவும், நெப்டியூனில் ஒன்றரை வாட்டாகவும் தேய்ந்துவிடும். வியாழனைச் சுற்றும் ஜூனோவின் மூன்று நீண்ட இறக்கைகள் பூமிக்கருகே 14 கிலோவாட் தரக்கூடியவை. வியாழனில் அவை தருவது அரைக் கிலோவாட் அளவே. அங்கே நூறு கிலோவாட் வேண்டுமென்றால் ஜூனோவைப்போல் இருநூறு மடங்கு இறக்கை வேண்டும். சனிக்கோ யுரேனஸுக்கோ அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

அயனி எஞ்சினின் விசை ஒரு காகிதத்தின் எடை அளவு என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

டானின் எஞ்சின் தந்த விசை அவ்வளவுதான்: அதிகபட்சம் சுமார் 90 மில்லிநியூட்டன். ஆனாலும் அந்தக் கலம் தன் வாழ்நாளில் நொடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேலான வேக மாற்றத்தை அந்த விசையாலேயே பெற்றது. சிறிய விசை, ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓயாமல்.

நூறு கிலோவாட் மின்சாரம் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சினின் திறன் 70 விழுக்காடு, அயனிகள் வெளியேறும் வேகம் நொடிக்கு 50 கிலோமீட்டர். கிடைக்கும் விசை 2.8 நியூட்டன், அதாவது உள்ளங்கையில் ஒரு பெரிய மாதுளம்பழத்தை வைத்தால் தெரிகிற பாரம். நொடிக்குச் செலவாகும் செனான் 56 மில்லிகிராம். ஒரு நாளைக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பத்து டன் எடையுள்ள கலத்தை இந்த மாதுளம்பழம் ஓராண்டு தள்ளிக்கொண்டே இருந்தால், ஒன்றேமுக்கால் டன் செனான் கரைந்திருக்கும். கலத்தின் வேகம் நொடிக்கு 9.7 கிலோமீட்டர் மாறியிருக்கும். அதே மாற்றத்தை, நொடிக்கு 3.2 கிலோமீட்டர் வேகத்தில் புகையைத் தள்ளும் வழக்கமான எரிபொருளால் செய்யப் போனால், பத்து டன்னில் அரை டன்கூட மிஞ்சாது. மீதி முழுவதும் எரிந்துபோயிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரையிலிருந்து மேலே எழும்ப இந்த எஞ்சின் உதவாது. அந்த வேலை எப்போதும் சாதாரண ராக்கெட்டுடையதே.

விண்வெளியே உறையும் குளிர். அங்கே போய் வெப்பம் எப்படிப் பிரச்சினையாகும்?

எங்கள் கூட்டத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பதிலாக, மாடியில் எங்களுக்கு ஃபில்டர் காபி வந்த ஃப்ளாஸ்க்கைக் காட்டினேன். ஜெயநகரில் மூன்று மணிக்குப் போட்ட காபி, போக்குவரத்து நெரிசலையெல்லாம் தாண்டி அல்சூருக்கு ஐந்தரை மணிக்கு வந்து சேர்ந்தபோதும் நாக்கைச் சுட்டது. காரணம், ஃப்ளாஸ்க்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். காற்று இல்லாத இடத்தில் வெப்பத்தை ஏந்திக்கொண்டு போக ஆளில்லை. விண்வெளி என்பது முடிவில்லாத ஃப்ளாஸ்க். அதற்குள் இருக்கும் கலம்தான் காபி. சூடு வெளியேற ஒரே வழி, பரப்பிலிருந்து அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுவது.

நம் நூறு கிலோவாட்டுக்குத் திரும்புவோம். வெப்பத்தை மின்சாரமாக்கும் திறன் 25 விழுக்காடு என்றால், உலை 400 கிலோவாட் வெப்பம் தர வேண்டும். அதில் 300 கிலோவாட் கழிவு. இதை வெளியேற்றும் ரேடியேட்டர் பலகைகள் 500 கெல்வின், அதாவது 227 டிகிரி செல்சியஸில் இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து சுமார் 3.2 கிலோவாட் வெளியேறும். ஆகவே தேவைப்படும் பரப்பு 94 சதுர மீட்டர், ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், ஒரு முப்பதுக்கு நாற்பது சைட்டை ஏறக்குறைய நிரப்பும் பரப்பு. பலகையின் இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்திருந்தால் பாதிப் பலகை போதும். இதில் குழாய்களோ, விண்கற்தூசி துளைத்துவிட்டால் சமாளிக்க வைக்கும் உபரியோ சேரவில்லை. இவ்வளவையும் ராக்கெட்டின் மூக்குக்கூம்புக்குள் மடித்து வைத்து, மேலே போனதும் பிசகில்லாமல் விரிக்க வேண்டும்.

பலகையை இன்னும் சூடாக வைத்தால் பரப்பு சுருங்குமே என்று கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். சரியான கேள்வி. கதிராக வெளியேறும் வெப்பம் வெப்பநிலையின் நான்காம் அடுக்காக வளர்கிறது. 400 கெல்வினிலிருந்து 500க்கு ஏற்றினாலே தேவையான பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் வெப்ப எஞ்சின் ஒன்றுக்குச் சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் இடைவெளி குறைந்தால் திறனும் குறையும். குளிர்முனையை ஏற்றினால் சூடுமுனையையும் ஏற்ற வேண்டும். அதை ஏற்றினால், ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் வேண்டும். இரும்புக் கலவைகளை விட்டுவிட்டு நியோபியம், மாலிப்டினம் என்று போக வேண்டியிருக்கும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகும். அணு மின் உந்துதலில் அணு இயற்பியல் பெரும்பாலும் தீர்ந்துபோன பாடம். தீராமல் இருப்பது இந்த வெப்பமும், ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ எடை என்ற கேள்வியும்தான். உலை, தடுப்புச் சுவர், மின்னாக்கி, ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து கிலோவாட்டுக்கு 40 கிலோ என்றால் நூறு கிலோவாட்டுக்கு நான்கு டன். பத்து டன் கலத்தில் செனானையும் கழித்துவிட்டால், அறிவியல் கருவிகளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உலை எவ்வளவு பெரியது? கல்பாக்கத்தில் இருப்பதைப்போலவா?

மின்நிலைய உலையைப்போல அல்ல. கல்பாக்கத்திலேயே காமினி என்ற ஆய்வு உலை இருக்கிறது. 1996இல் இயங்கத் தொடங்கிய அதன் வெப்பத்திறன் 30 கிலோவாட், எரிபொருள் சுமார் 600 கிராம் யுரேனியம்-233. விண்வெளி உலைகள் அளவில் இதற்குத்தான் உறவு. நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் 2018 மார்ச்சில் நெவாடாவில் சோதித்த க்ரஸ்டி உலையின் யுரேனிய மையம் ஓர் உயரமான எவர்சில்வர் தூக்குக்குள் அடங்கிவிடும். எடை சுமார் 28 கிலோ. ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் 28 மணி நேரம் முழுச் சோதனை நடந்தது. மையத்தின் சூட்டை மூடிய குழாய்களுக்குள் ஆவியாகித் திரும்பும் சோடியம், வெப்பத்தை இயக்கமாக மாற்றும் ஸ்டர்லிங் எஞ்சின்களுக்குக் கொண்டுபோனது; பம்பே கிடையாது. ஆனால் அது ஒரு கிலோவாட் மின்சார வகை. நூறு கிலோவாட்டுக்கு இன்னும் தொலைவு இருக்கிறது. அந்த அளவுக்குப் போகும்போது ஹீலியமும் செனானும் கலந்த வாயுவில் சுழலும் டர்பைனைத்தான் பெரும்பாலோர் பரிந்துரைக்கிறார்கள்.

இதுவரை யாராவது விண்ணில் இயக்கிப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அதுவும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே. 1965 ஏப்ரல் 3 அன்று அமெரிக்கா ஏவிய ஸ்நாப்-10ஏ கலத்தில், 30 கிலோவாட் அளவு வெப்பத்திலிருந்து அரைக் கிலோவாட் மின்சாரம் எடுத்த உலை இருந்தது. கூடவே ஒரு சிறிய சீசிய அயனி எஞ்சினும் இருந்தது. எஞ்சின் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. அதன் மின்னதிர்வுகள் கலத்தின் திசையறி கருவிகளைக் குழப்பியதால் நிறுத்திவிட்டார்கள். 43 நாட்களுக்குப் பிறகு உலையும் நின்றது. உலையில் கோளாறு இல்லை. கலத்தின் மின்னழுத்தச் சீராக்கி ஒன்று பழுதானதே காரணம். அந்தக் கலம் சுமார் 1,300 கிலோமீட்டர் உயரத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சோவியத் ஒன்றியம் இதில் வெகுதூரம் போனது. கடற்படைக் கண்காணிப்பு ராடார்களுக்கு மின்சாரம் தர முப்பதுக்கும் மேற்பட்ட உலைகளை அனுப்பியது. 1987இல் ஏவிய காஸ்மாஸ் 1818, 1867 இரண்டிலும் சுமார் ஐந்து கிலோவாட் தரும் உலைகளோடு பிளாஸ்மா எஞ்சின்களும் இருந்தன. கோள்களுக்கிடையே அணு மின் உந்துதலில் போன கலம் மட்டும் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை?

அமெரிக்காவின் எஸ்.பி.-100 என்ற நூறு கிலோவாட் திட்டம் 1983இல் தொடங்கி 1990களின் நடுவில் கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஜிமோ என்ற கலம், வியாழனின் பனி நிலவுகளான கலிஸ்டோ, கனிமீட், யூரோப்பா மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டது. உலை 200 கிலோவாட் மின்சாரம் தர வேண்டும். 12 டன் செனான். மொத்த எடை சுமார் 36 டன். நம் எல்.வி.எம்.3 ராக்கெட் தாழ் புவிப்பாதைக்குக் கொண்டுபோவது 8 டன் அளவு என்பதை நினைத்தால் அதன் பருமன் புரியும். 2005இல் அதுவும் நிறுத்தப்பட்டது. பணம் நிலவுப் பயணத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

என் எண்ணத்தில் ஜிமோ செய்த தவறு, முதல் அடியிலேயே எல்லாவற்றையும் கேட்டது. புதிய உலை, புதிய மின்னாக்கி, புதிய எஞ்சின், விண்ணிலேயே இணைக்க வேண்டிய கலம் என ஒவ்வொன்றும் தனித்தனியே பத்தாண்டு வேலை. ஓர் அரசு மாறினால் திட்டம் மாறும் நாட்டில் இப்படிப்பட்ட கலம் பிழைப்பது கடினம். பத்து இருபது கிலோவாட்டில் ஒரு சிறிய கலத்தை முதலில் அனுப்பியிருந்தால், இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

ஏவும்போது வெடித்தால் என்னவாகும்?

இயங்காத உலையும் இயங்கிய உலையும் இரண்டு வேறு பொருள்கள். யுரேனியம்-235 பாதியாகச் சிதைய 70 கோடி ஆண்டுகள் ஆகும்; புளூட்டோனியம்-238க்கு 87.7 ஆண்டுகள். மெதுவாகச் சிதைவது என்றால் குறைவாகக் கதிர்வீசுவது. கிராமுக்குக் கிராம் இந்த வேறுபாடு பல லட்சம் மடங்கு. எரிபொருளில் கலந்திருக்கும் யுரேனியம்-234ஐச் சேர்த்துக்கொண்டாலும், ஒருமுறைகூட இயக்கப்படாத உலை, வாயேஜரில் போன புளூட்டோனியத்தைவிட மிகச் சாதுவானது. ஆபத்தான பிளவுப் பொருட்கள் உலை இயங்கிய பிறகே உருவாகின்றன. இதனால்தான், இயங்கும் பாதையையோ கோளிடைப் பாதையையோ அடையும்வரை உலையில் தொடர்வினையைத் தொடங்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 1992இல் ஏற்ற கோட்பாடுகள் சொல்கின்றன. உலை கடலில் விழுந்து, தண்ணீர் புகுந்து, தானே இயங்கத் தொடங்காதபடி வடிவமைப்பதே ஏவுதலுக்கு முன் தீர்க்க வேண்டிய உண்மையான கவலை.

இயங்கிய உலை திரும்பி விழுந்ததும் உண்டு. 1978 ஜனவரி 24 அன்று காஸ்மாஸ் 954 கனடாவின் வடபகுதியில் சிதறியது. பனிப்பரப்பில் மாதக்கணக்கில் துண்டுகளைத் தேடினார்கள். கனடா 60 லட்சம் டாலர் கேட்டு, 1981இல் 30 லட்சம் பெற்றது. அந்தக் கலம் பூமியை மிகத் தாழ்வாகச் சுற்றியது என்பதுதான் பாடம். பூமியை விட்டு விலகிச் செல்லும் பாதையில் உலையை இயக்கினால், அது திரும்பி வர வழியில்லை.

மனிதர் இல்லாத கலத்துக்குக் கதிர்வீச்சுத் தடுப்பு எதற்கு?

மின்னணுச் சில்லுகளுக்கும் கேமராக்களுக்கும். ஆனால் உலையைச் சுற்றிலும் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. உலை ஒரு முனை, கருவிகள் மறுமுனை, நடுவே நீண்ட தண்டு. உலையை ஒட்டி ஒரு குடை. நியூட்ரான்களுக்கு லித்தியம் ஹைட்ரைடு, காமா கதிர்களுக்கு டங்ஸ்டன். குடையின் நிழலுக்குள் கலம் முழுவதும் ஒடுங்கியிருக்க வேண்டும். ரேடியேட்டர்கள் முக்கோண வடிவில் இருப்பதற்கும் இந்த நிழலே காரணம்.

செனான் கிடைக்குமா? எஞ்சின் எத்தனை ஆண்டு உழைக்கும்?

காற்றில் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே செனான் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில பத்து டன்களே பிரித்தெடுக்கப்படுகின்றன. ஜிமோ கேட்ட 12 டன் அந்தச் சந்தையையே ஆட்டியிருக்கும். கிரிப்டானும் ஆர்கானும் மலிவானவை, எஞ்சின் திறன் சற்றுக் குறையும். உழைப்பைப் பொறுத்தவரை, நாசாவின் நெக்ஸ்ட் அயனி எஞ்சின் தரைச் சோதனையில் 51,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள்.

நெப்டியூனுக்குச் சீக்கிரம் போய்விடலாமா?

சீக்கிரம் என்பதைவிட, அங்கே போய் நிற்கலாம் என்பதுதான் சரி. நெப்டியூனை இதுவரை பார்த்த ஒரே கலம் வாயேஜர் 2. பன்னிரண்டு ஆண்டுகள் பயணம் செய்து 1989இல் கடந்து போனது, அவ்வளவே. 2015இல் நியூ ஹொரைசன்ஸ் நொடிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் புளூட்டோவைத் தாண்டியது; பிரேக் பிடிக்க அதனிடம் எதுவும் இல்லை. சேகரித்த தகவல்களைப் பூமிக்கு அனுப்பி முடிக்க அதற்கு 2016 அக்டோபர்வரை, பதினைந்து மாதங்கள் ஆயின, ஏனென்றால் அதன் ரேடியோவின் சக்தி 12 வாட், ஒரு எல்.இ.டி. பல்பின் அளவு. உலையோடு போகும் கலம், போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, அதே மின்சாரத்தை ரேடியோவுக்கும் பனியைத் துளைத்துப் பார்க்கும் ராடாருக்கும் திருப்பிவிடலாம். எனக்கு இந்த நன்மைதான் உந்துதலைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தியா எங்கே நிற்கிறது?

எஞ்சின் பக்கத்தில் அடித்தளம் இருக்கிறது. 2017 மே மாதம் ஏவிய ஜிசாட்-9 செனானில் இயங்கும் மின் உந்துதலைப் பயன்படுத்தியது. 300 மில்லிநியூட்டன் விசை தரும் பிளாஸ்மா எஞ்சினை 1,000 மணி நேரம் சோதித்து முடித்ததாக இஸ்ரோ 2025இல் அறிவித்தது. ஆழ்விண்வெளியோடு பேசப் பெங்களூருக்கு வெளியே பியாலாலுவில் 32 மீட்டர் ஆண்டெனா நிற்கிறது. அணுவின் பக்கத்தில், சந்திரயான்-3இன் உந்துகலத்தில் ஒவ்வொன்றும் ஒரு வாட் வெப்பம் தரும் இரண்டு கதிரியக்கச் சூடேற்றிகள் போயின. தரையிறங்கிய விக்ரமில் அவை இல்லை. நிலவின் இரவுக்குப் பிறகு அது கண்விழிக்கவில்லை. ஒரு வாட்டிலிருந்து ஒரு லட்சம் வாட்டுக்கு நெடுந்தூரம் போக வேண்டும். கல்பாக்கத்தில் திரவ சோடியத்தை 1985 முதல் கையாண்டு பழகியிருப்பது அந்தத் தூரத்தில் ஒரு பகுதியைக் குறைக்கும்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இதில் வேலை செய்ய வேண்டுமென்றால் அணு இயற்பியல் படிக்க வேண்டுமா?

படிக்கலாம், ஆனால் ஆள் குறைவாக இருப்பது வேறு இடங்களில். இயந்திரவியல் எடுத்து வெப்பப் பரிமாற்றத்தில் ஆழ்ந்து போகலாம். உலோகவியல் எடுத்து, 900 டிகிரியில் பத்தாண்டு தொய்யாமல் நிற்கும் கலவைகளைப் பார்க்கலாம். மின்னியல் எடுத்து உயர் மின்னழுத்த மாற்றிகளைக் கட்டலாம். ஸ்நாப்-10ஏவை நிறுத்தியது உலை அல்ல, ஒரு மின்னழுத்தச் சீராக்கி என்று சொன்னதும், அந்தப் பெண் தன் நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது அந்த மூன்றாவது வழியைத்தான்.